கல்கரி வீட்டுக்கு ஹியூமிடிஃபையர்: பைபாஸா ஸ்டீமா?

செந்தூல்காரன்:
தங்கச்சி கல்யாணம் ஆகி கனடா கல்கரிக்கு போயிட்டா, இதுதான் முதல் குளிர்காலம். நாம இங்க கோலாலம்பூர்ல துணி காயலன்னு புலம்புறோம், அங்க வீட்டுக்குள்ள ஈரம் 16% தான் காட்டுதாம், பையனுக்கு மூக்குல ரத்தம் வருது, இங்கேருந்து கொண்டுபோன வீணையில விரிசல் வேற. வீட்ட சூடாக்குற ஃபர்னஸோட சேர்த்து மாட்டுற ஹியூமிடிஃபையர், அதான் காத்துல ஈரம் ஏத்துற மெஷின், போடலாம்னு மாப்பிள்ளை சொல்றாரு. பைபாஸா ஸ்டீமா? அங்க இருந்தவங்க யாராச்சும் சொல்லுங்க லா.

பாயான்லெப்பாஸ் ஏர்கோன்:
அண்ணே, நான் எட்மண்டன்ல ஃபர்னஸ் வேலை பார்த்திருக்கேன். மொதல்ல வீட்டுல டக்ட், அதான் ஃபர்னஸ் காத்து போற குழாய், இருக்கான்னு கேளுங்க, சுடுதண்ணி ரேடியேட்டர் வீடுன்னா பைபாஸ் மாட்டவே முடியாது. பைபாஸ்னா ஃபர்னஸ் ஊதுற சூடு காத்துல கொஞ்சத்த தண்ணி இறங்குற பேட் வழியா, வீட்டுக் காத்து ஃபர்னஸுக்கு திரும்பி வர்ற ரிட்டர்ன் டக்ட்டுக்கு திருப்பி விடும், தனி ஃபேன் கிடையாது, கரண்ட் கம்மி, ஆனா ஃபர்னஸ் ஓடுனாதான் அதுவும் ஓடும். ஸ்டீம் தண்ணிய கொதிக்க வச்சு ஆவிய விடும், பெரிய வீட்டுக்கு சரி, தனி வயரிங் இழுக்கணும், பில்லும் ஏறும். சாதாரண வீட்டுக்கு பைபாஸ் போதும்பேன். கல்கரி தண்ணியில சுண்ணாம்பு ஜாஸ்தி, பேட்ட வருஷா வருஷம் மாத்தணும். பைப்ப குத்தி மாட்டுற சேடில் வால்வு மட்டும் வேணாம்னு சொல்லிருங்க, அது நாளாக நாளாக ஒழுகும்.

கிள்ளான் அக்கா:
தம்பி, மெஷின் வந்ததும் நம்ம ஊரு நெனப்புல 50%க்கு திருகிறப் போறாங்க. என் மக வின்னிபெக்ல இருக்கா, வெளிய மைனஸ் 30 அடிக்கிறப்ப 20%க்கு மேல வச்சா ஜன்னல்ல தண்ணி வழிஞ்சு ஐஸ் கட்டும், அப்புறம் பூஞ்சை. மைனஸ் 10ன்னா 30% வைக்கலாம். வெளிக்குளிர பார்த்து ஈரத்த தானே குறைச்சுக்கிற கன்ட்ரோல், ஹியூமிடிஸ்டேட்னு இருக்கு, காசு போனாலும் அதையே வாங்கச் சொல்லுங்க.

செந்தூல்காரன்:
அப்ப 16%ங்கிறது 20 ஆனா வீணைக்கு என்ன பிரயோஜனம்க்கா?

பாயான்லெப்பாஸ் ஏர்கோன்:
வீணைக்கு பத்தாதுண்ணே, மரத்துக்கு 40%க்கு மேல வேணும், அந்தக் குளிர்ல வீடு முழுக்க அத வச்சா ஜன்னல் தாங்காது. வாசிக்காதப்ப பெட்டியில வச்சு மூடி, உள்ள கிட்டார்காரங்க வைக்கிற ஈரப்பஞ்சு ஒண்ணு போட்டுறச் சொல்லுங்க, ஹீட்டர் வாய்க்கு எதிர்ல வைக்க வேணாம். பையன் ரூமுக்கு சின்ன மெஷின் வாங்குனா, தண்ணிய அதிர வச்சு பனி மாதிரி விடுற அல்ட்ராசோனிக்ல குழாத்தண்ணி ஊத்தாதீங்க, சாமான் மேலெல்லாம் வெள்ளப் பொடி படியும். வெயில் காலம் வந்ததும் பைபாஸ் டேம்பர, அதான் அதுல காத்து போற வழிய அடைக்கிற தகட்ட, மூடணும், முக்கால்வாசி பேர் மறந்துருவாங்க.