வயிற்று வலியும் வாந்தியும் சிறுநீர்க்குழாய் வீக்கமும்: லூபஸ் காரணமாக இருக்குமா?

அல்சூர்வாசி (பெங்களூரு), கேள்வி:

வணக்கம். என் தங்கைக்கு வயது 29; ஆறு ஆண்டுகளாக லூபஸ் (நோய் எதிர்ப்பாற்றல் தன் உடலையே தாக்கும் நோய்) உள்ளது. அதற்காக ஹைட்ராக்சிகுளோரோகுயினும், நாளொன்றுக்கு 10 மில்லிகிராம் பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டும் எடுத்து வருகிறாள். இரண்டு மாதங்களில் மூன்று முறை வயிறு உப்பி, கடுமையாக வலித்து, வாந்தி எடுத்தாள். முதல் இரு முறையும் 'கேஸ்' என்று மருந்து கொடுத்து அனுப்பிவிட்டார்கள். மூன்றாம் முறை எடுத்த அல்ட்ராசவுண்டில் வயிற்றில் நீர் கோத்திருப்பதும், கல் எதுவும் இல்லாமலேயே இரு பக்கச் சிறுநீர்க்குழாய்களும் விரிந்திருப்பதும் தெரிந்தன. ஒரு மருத்துவர், காசநோய் மருந்தைத் தொடங்கிப் பார்க்கலாம் என்கிறார். அறுவை மருத்துவரோ குடல் அடைப்பு என்கிறார். லூபஸ் குடலை இவ்வளவு படுத்துமா?

வாதவியல் மருத்துவர், ஜெயநகர்:

படுத்தும். நீங்கள் போகிற போக்கில் சொன்ன சிறுநீர்க்குழாய் விரிவுதான் இதில் எனக்கு முக்கியமாகப் படுகிறது. குடலை அசைப்பதும் சிறுநீரைக் கீழே தள்ளுவதும் ஒரே வகைத் தசை. லூபஸில் அத்தசையோ அதற்கான நரம்போ இரத்தக் குழாயோ பாதிக்கப்பட்டால் இரண்டும் சேர்ந்து செயலிழக்கக்கூடும். அப்போது குடலில் தடை ஏதும் இல்லாமலே அடைப்பின் அறிகுறிகள் எல்லாம் தோன்றும். இது தெரியாமல் வயிற்றைத் திறந்து பார்த்து, ஒன்றும் இல்லையென்று மூடியதும் உண்டு.

சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் அளவு இடம் கொடுத்தால், கான்ட்ராஸ்ட் (படத்தைத் தெளிவாக்கும் மருந்து) செலுத்திய சிடி ஸ்கேன் எடுக்கச் சொல்லுங்கள். குடல் சுவர் தடித்து வளையத்துக்குள் வளையமாகத் தெரிவதும், குடல்தாங்கியின் இரத்தக் குழாய்கள் சீப்புப் பற்கள்போல் வரிசையாகப் புடைத்திருப்பதும் லூபஸ் குடலழற்சியை நினைக்க வைக்கும். ஆனாலும் இவை லூபஸுக்கு மட்டுமே உரியவை அல்ல. லூபஸ் தீவிரமாகும்போது குறையக்கூடிய இரத்தப் புரதங்களான சி3, சி4 குறைந்திருக்கின்றனவா, லூபஸில் காணப்படும் டிஎஸ்-டிஎன்ஏ எதிர்ப்புரதம் கூடியிருக்கிறதா, சிறுநீரில் புரதம் போகிறதா என்பவற்றோடு சேர்த்தே படிக்க வேண்டும். கணைய அழற்சி உண்டா என்று அறிய லைப்பேஸும் பார்க்கட்டும். இரத்தம் உறைவதைத் தூண்டும் ஆன்டிபாஸ்போலிப்பிட் எதிர்ப்புரதம் இருந்தால் குடல் இரத்தக் குழாயில் உறைகட்டி இருக்கிறதா என்று தேட வேண்டும்; அதற்குச் சிகிச்சையே வேறு.

ஸ்டீராய்டு எடுப்பவருக்குக் குடலில் ஓட்டை விழுந்தாலும் வயிறு கல்லாக இறுகாமல் இருக்கலாம். ஆகவே வலி கூடினாலோ நாடித்துடிப்பு ஏறினாலோ விடியும்வரை காத்திருக்க வேண்டாம்.

பொது மருத்துவர், இந்திரா நகர்:

மேலே உள்ளதை ஏற்கிறேன். ஆனால் நம் நாட்டில் காசநோயை அவ்வளவு எளிதில் ஒதுக்கிவிட முடியாது. வயிற்று நீரை எடுத்து அணுக்கள், அல்புமின், ஏடிஏ (காசநோயில் கூடும் நொதி), கல்ச்சர் (கிருமி வளர்ப்புச் சோதனை) ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். அந்த நீரில் காசநோய்க் கிருமியின் மரபணுவைத் தேடும் ஜீன்எக்ஸ்பர்ட் சோதனை நெகட்டிவ் என்று வந்தால் காசநோய் இல்லை என்று பொருளாகாது. சந்தேகம் நீடித்தால் லேப்ராஸ்கோப்பி மூலம் வயிற்று உறையில் திசு எடுப்பதே நல்லது. 'தொடங்கிப் பார்ப்போம்' என்பதில் எனக்கு உடன்பாடு இல்லை, ஏனெனில் காசநோய் மருந்தான ரிஃபாம்பிசின் பிரெட்னிசோலோனின் வீரியத்தைக் குறைத்துவிடும். நோய் லூபஸாக இருந்தால் அது மேலும் மோசமாகும். காசநோயைத் தேடாமலே ஸ்டீராய்டை ஏற்றுவதும் அதே அளவு ஆபத்துதான்.

சிஏ-125 என்ற இரத்தக் குறியீடு கூடியிருந்தால், அதைக் கண்டு சூலகப் புற்றுநோய் என்று அஞ்ச வேண்டாம். லூபஸால் நீர் கோத்தாலும் காசநோயால் கோத்தாலும் அது கூடும்.

அல்சூர்வாசி:

இருவருக்கும் நன்றி. நேற்றே அவளை உள்நோயாளியாகச் சேர்த்துவிட்டோம். சிடியில் சிறுகுடல் பல இடங்களில் தடித்திருக்கிறது, தடை எதுவும் இல்லை, சி3 குறைவு. 'சிறுநீர் கழிக்கும்போது எரிச்சல் உண்டா?' என்று அங்குள்ள வாதவியல் மருத்துவர் கேட்டபோதுதான், மாதக்கணக்கில் அடிக்கடி கழிவறைக்குப் போய்வந்ததைத் தங்கை சொன்னாள். வயிற்றுக்கும் அதற்கும் என்ன தொடர்பு என்று எங்களிடம் சொல்லாமல் விட்டிருக்கிறாள். வயிற்று நீரின் ஏடிஏ குறைவாக வந்திருக்கிறது. அறுவை சிகிச்சையைத் தள்ளி வைத்து, இன்று காலை மெத்தில்பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டை இரத்தக் குழாய் வழியாகத் தொடங்கியிருக்கிறார்கள். கல்ச்சர் முடிவு இன்னும் வரவில்லை. வந்ததும் இங்கே எழுதுகிறேன்.