நிலத்தடியில் அடைபட்ட ஆதி உலகம் உண்மையில் உண்டா?

மலர்விழி (கேள்வி):
வணக்கம். பூமிக்குள் இறங்கியவர்கள் அங்கே ஆதிகால விலங்குகளைக் காண்பதாக வரும் கதைகளில் எனக்குச் சிறுவயது முதல் பெரும் ஈடுபாடு உண்டு. அப்படியோர் இடம் இருக்கிறதா என்று என் மகள் கேட்டபோது எனக்கு விடை தெரியவில்லை. பல லட்சம் ஆண்டுகள் மூடிக் கிடந்தும் உள்ளே உயிர்கள் வாழ்கிற குகை எதையேனும் மனிதர் சென்று பார்த்திருக்கிறார்களா? வெயிலே படாத இடத்தில் அவை எதை உண்ணும்?

குகைவழி:
இருக்கிறது. ருமேனியாவில் கருங்கடலோரம், மங்காலியா நகருக்கு அருகிலுள்ள மோவிலே குகை அது. 1986ஆம் ஆண்டில் மின்நிலையம் கட்ட நிலத்தைச் சோதிப்பதற்காகத் தோண்டிய குழி, ஏறத்தாழ 20 மீட்டர் ஆழத்தில் அதைத் தற்செயலாகத் திறந்துவிட்டது. முதலில் இறங்கி ஆராய்ந்தவர் நிலவியலாளர் கிறிஸ்டியன் லாஸ்கு.

மேல்தளம் உலர்ந்த சுண்ணாம்புக்கல் வழி. கீழ்த்தளத்தில் வெதுவெதுப்பான கந்தக நீர் நிற்கிறது. அதில் மூழ்கிச் சென்றால்தான் காற்று அடைபட்ட சிற்றறைகளை எட்ட முடியும். வெளிக்காற்றில் 21 விழுக்காடு இருக்கும் ஆக்சிஜன் அங்கே 7 முதல் 10 விழுக்காடுதான். கரியமில வாயுவோ வெளியில் உள்ளதைப் போல் பல மடங்கு. செர்னோபில் விபத்தின் கதிரியக்கத் துகள்கள் சுற்றுவட்டார மண்ணிலும் ஏரிகளிலும் படிந்திருந்தும், குகைக்குள் அவற்றின் சுவடே தென்படவில்லை என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வியப்பு அடங்குவதில்லை.

உயிரியல் ஆசிரியை:
உணவைப் பற்றிய கேள்விக்கு மட்டும் சொல்கிறேன். பச்சைத் தாவரம் ஒளியைக் கொண்டு செய்யும் வேலையை அங்கே பாக்டீரியாக்கள் ஹைட்ரஜன் சல்பைடு, மீத்தேன் ஆகியவற்றைக் கொண்டு செய்கின்றன. நீரின் மேல் ஆடைபோல் படரும் அந்த நுண்ணுயிர்ப் படலத்தைச் சிற்றுயிர்கள் மேய்கின்றன; அவற்றைச் சிலந்திகளும் அட்டைகளும் கண்ணற்ற நீர்த்தேள்களும் வேட்டையாடுகின்றன. 1996இல் ஷெர்பான் சர்பு குழுவினர் வெளியிட்ட ஆய்வு 48 இனங்களைக் குறிப்பிட்டது. அவற்றுள் 33 வேறெங்கும் காணப்படாதவை.

மலர்விழி:
மிக்க நன்றி. அப்படியானால் டைனோசர் காலத்து உயிர்கள் என்று மகளிடம் சொல்லலாமா?

குகைவழி:
வேண்டாம், அம்மா. டைனோசர்கள் மறைந்து 6.6 கோடி ஆண்டுகள் ஆகின்றன. இக்குகை மூடியதாகக் கருதப்படுவது 55 லட்சம் ஆண்டுகளுக்கு முன்புதான். அந்த எண்ணையும் எல்லா உயிர்களுக்கும் பொதுவாக்கக் கூடாது. அங்குள்ள ஒரு நத்தை சுமார் 20 லட்சம் ஆண்டுகளுக்கு முன்புதான் தன் உறவினங்களிலிருந்து பிரிந்தது என்று மரபணு ஆய்வு காட்டுகிறது. அதே கந்தக நீர் மங்காலியாவின் கிணறுகளிலும் ஊற்றுகளிலும் ஊறுவதால், அவ்வுயிர்களுள் சில அங்கும் கிடைக்கின்றன. எனவே அதைக் காலம் உறைந்த பெட்டி என்பதைவிட, இன்றும் மாறிக்கொண்டிருக்கும் ஒரு நிலத்தடி உலகுக்குத் திறந்த சாளரம் என்பதே எனக்குச் சரியாகப் படுகிறது.

மகளுக்குச் சொல்ல அந்தக் குகையின் பூரான் ஒன்று போதும். வெளியே பரவலாக உள்ள இனம் என்றே நெடுநாள் எண்ணப்பட்ட அது தனி இனம் என்று 2020இல் உறுதியாயிற்று. சுமார் 5 சென்டிமீட்டர் நீளமே உள்ள அதற்குக் ‘குகையரசன்’ என்ற பொருளில் பெயர் சூட்டினார்கள், ஏனெனில் அங்கே அதைவிடப் பெரிய வேட்டை உயிர் கிடையாது.

மலர்விழி:
பொதுமக்கள் உள்ளே செல்ல முடியுமா?

உயிரியல் ஆசிரியை:
முடியாது. அனுமதி பெற்ற ஆய்வாளர் சிலர் மட்டுமே இறங்குகிறார்கள். இறங்கும் ஒவ்வொருவரோடும் வெளிக்காற்றும் வெளி நுண்ணுயிர்களும் உள்ளே போகின்றன அல்லவா?