கப்பலைக் கண்டால் மீன் ஓடுமா, ஒட்டுமா?

இஞ்சின்ரூம்: கப்பல் சத்தத்துக்கு மீன் மிரண்டு ஓடும் என்று நேற்று இங்கே ஒருவர் எழுதியிருந்தார். எனக்குச் சரக்குக் கப்பலில் பன்னிரண்டு வருடம். நங்கூரம் போட்ட இரவுகளில் ஏணியடியில் விளக்கு விழும் வட்டத்துக்குள் குஞ்சு மீன் மொய்க்கும். அதைத் தின்னப் பாரை வரும். ஜெனரேட்டர் ஓடிக்கொண்டேதான் இருக்கும்.

வலைவீசி: அந்த ஒருவர் நான்தான் அண்ணே. நிற்கிற கப்பல் வேறு, ஓடுகிற கப்பல் வேறு. பகலில் முகப்பில் நின்றால் கோலா மீன் விருட்டென்று கிளம்பி இரண்டு பக்கமும் பறக்குமே, வரவேற்கவா? 2008இல் ஜப்பானில் ஒரு ஃபெர்ரியிலிருந்து எடுத்த படத்தில், ஒரு கோலா வாலால் தண்ணீரைத் தட்டித் தட்டி 45 விநாடி பறந்தது.

இஞ்சின்ரூம்: அது முகப்பு தள்ளுகிற தண்ணீருக்குப் பயந்து. சூரை துரத்தினாலும் பறக்கும். சூரைக்கு என்ன இஞ்சினா இருக்கிறது?

மீன்வள மாணவி: இதைச் சோதித்தே பார்த்திருக்கிறார்கள். 1999இல் வடகடலில் ஸ்கோஷியா என்ற ஆய்வுக் கப்பலுக்கு முன்னால் ஆட்டோசப் என்ற ஆளில்லா நீர்மூழ்கியை ஓடவிட்டார்கள். கப்பல் வருமுன் அது பார்த்த ஹெர்ரிங் மீனும் (நம் மத்திக்குச் சொந்தம்), பின்னால் வந்த கப்பல் பார்த்த மீனும் ஏறக்குறைய ஒரே அளவு. மீன் விலகவில்லை.

வலைவீசி: அது சத்தம் குறைத்துக் கட்டிய கப்பல், தங்கச்சி. விலகாததில் என்ன ஆச்சரியம்?

மீன்வள மாணவி: எல்லாரும் அப்படித்தான் நினைத்தார்கள். அப்புறம் நார்வேக்காரர்கள் தண்ணீருக்கடியில், மீன் கூட்டத்தைக் காட்டும் எதிரொலிக் கருவியை மேல்நோக்கி வைத்துவிட்டு, மேலே யூஹான் யோர்ட் என்ற சாதாரணக் கப்பலையும், சத்தம் குறைத்த ஜி.ஓ. சார்ஸையும் ஓட்டினார்கள். முடிவு 2007இல் வந்தது. ஹெர்ரிங் அதிகம் மிரண்டது அமைதியான கப்பலுக்குத்தான்! காதும் காற்றுப்பையும் இணைந்த, நன்றாகக் கேட்கிற மீன் அது. இஞ்சின் இரைச்சலை விட, கப்பல் தள்ளிக்கொண்டு வரும் தண்ணீரின் மிகத் தாழ்ந்த அதிர்வுதான் காரணமோ என்று பிறகு வேறு சிலர் எழுதினார்கள்.

இஞ்சின்ரூம்: முகப்புத் தண்ணீர்! முதலில் சொன்னது யார்?

வலைவீசி: சரி, சத்தம் என்றது என் தப்பு. ஆனால் ஓடுகிறது அல்லவா? அதே கோலா, இலைதழையைக் கட்டி மிதக்கவிட்டால் முட்டையிடத் தானே தேடி வரும். எங்கள் பக்கம் அப்படித்தான் பிடிப்பார்கள். உங்கள் ஏணியடியில் மொய்ப்பதும் கப்பல்மேல் உள்ள பாசத்தால் அல்ல, விளக்குக்காக. ஒருநாள் அணைத்துப் பாருங்கள் அண்ணே.

இஞ்சின்ரூம்: நங்கூரத்தில் நிற்கும் 100 மீட்டர் கப்பல் டெக் விளக்கை எரியவிட வேண்டும் என்பது கடல் விதி, தம்பி. அணைத்தால் சீஃப் ஆபீசர் என்னையே மீனுக்குப் போட்டுவிடுவார்.