நாவலையும் படத்தையும் அறிந்தவர்கள் உதவுங்கள்

வணக்கம் நண்பர்களே. வரும் ஞாயிறன்று வாசிப்பு வட்டத்தில் ‘எ பேசேஜ் டு இந்தியா’ பற்றிப் பேச வாய்தவறி ஒப்புக்கொண்டுவிட்டேன். ஈ. எம். ஃபார்ஸ்டரின் நாவல் 1924இல் வந்தது, டேவிட் லீனின் படம் 1984இல். இரண்டையும் முடித்த பிறகு குழப்பம்தான் மிஞ்சியிருக்கிறது.

நாவலில் என்னை உலுக்கியது வழக்கு விசாரணை அல்ல, ஒரு காலர் பொத்தான். ஆங்கிலேயரான கல்லூரி முதல்வர் ஃபீல்டிங்கின் பொத்தான் உடைந்துபோகிறது. டாக்டர் அஜீஸ் தன் காலரிலிருந்ததையே கழற்றிக் கொடுக்கிறார், உபரியாக இருந்ததென்று பொய்யும் சொல்லி. பிறகு, அவருடைய காலர் தூக்கிக்கொண்டு நிற்பதைப் பார்க்கும் மாஜிஸ்திரேட் ரோனி, இந்தியர்களின் அசட்டையே இதுதான் என்று இளக்காரம் செய்கிறான். துவேஷத்தை இதைவிடச் சிறிய பொருளில் காட்ட முடியுமா?

என் சிக்கல் முடிவில்தான். நாவலில் அஜீஸும் ஃபீல்டிங்கும் நண்பர்களாக நீடிக்க முடியாதபடி குதிரைகளே விலகி ஓடுகின்றன. படமோ சமரசத்தில் முடிகிறது. லீன் ஏன் இப்படி மாற்றினார் என்று அவரே பேசிய பேட்டி எதையாவது படித்திருக்கிறீர்களா?

இன்னொன்று: பேராசிரியர் காட்போலேயாக நடித்தவர் அலெக் கின்னஸ். இனப் பாகுபாட்டைப் பற்றிய படத்தில் இந்துப் பிராமணராக ஓர் ஆங்கிலேயர்! (நல்ல நடிகர்தான், ஆனால் அந்த ஒப்பனை...) அன்றைய இந்திய விமர்சகர்கள் இதை எப்படி எதிர்கொண்டார்கள்? தமிழில் வந்த கட்டுரை இருந்தால் இன்னும் நல்லது. சனிக்கிழமைக்குள் கிடைத்தால் பிழைத்துக்கொள்வேன்.