டைனோசரைப் பேழையில் ஏற்றும் குழந்தைப் புத்தகங்கள்: அனுபவப் பகிர்வு

அமெரிக்காவில் சின்னப் பிள்ளைகளுக்கென்று வரும் படைப்புவாத (பைபிளில் உள்ளபடியே கடவுள் உலகைப் படைத்தார் என்று வாதிடும்) புத்தகங்களைப் பற்றி மட்டும் இங்கே பேசுவோம். பெருவெள்ளத்தில் உயிர்களைப் பேழையில் ஏற்றிக் காப்பாற்றிய நோவா கதையைக் கதையாகச் சொல்லும் புத்தகத்தோடு வழக்கில்லை. அறிவியல் நூல் மாதிரி வேடம் போட்டு வருபவைதான் ஆபத்து.

அட்டையை நம்பாதீர்கள். காப்புரிமைப் பக்கத்தில் டூயி எண் (நூலகங்கள் புத்தகத்தைப் பொருள்வாரியாகப் பிரிக்கும் எண்) இருக்கிறதா பாருங்கள். 567.9 என்றால் தொல்லுயிர் ஊர்வன. 231.765 என்றால் படைப்புக் கோட்பாடு, அதாவது சமயப் பிரிவு. எண்ணே இல்லாவிட்டால் காலக்கணக்கைத் தேடுங்கள். நல்ல டைனோசர் புத்தகத்தில் 6.6 கோடி ஆண்டு என்பது எங்காவது வந்துவிடும். படைப்புவாதப் புத்தகங்களிலோ பூமிக்கே சுமார் 6,000 வயதுதான். ஆதாம் பாவம் செய்யும்வரை டி-ரெக்ஸ் கூட இலைதழைதான் தின்றது என்றும் படம் போட்டிருப்பார்கள். அதன் பல் ஓரம் இறைச்சி அறுக்கும் ரம்பம்போல இருப்பதைப் பிள்ளைக்குப் பெரிதாக்கிக் காட்டுங்கள்.

—

கொஞ்சம் பெரிய பிள்ளைகளுக்கான புத்தகங்களில் கார்பன் பித்தலாட்டம் உண்டு. "கார்பன் முறை தப்பு, அதனால் டைனோசர் வயதும் தப்பு" என்பார்கள். அந்த முறை அளக்கும் கார்பன்-14இன் அரை ஆயுள், அதாவது அது பாதியாகச் சிதைய ஆகும் காலம், 5,730 ஆண்டு. சுமார் 50,000 ஆண்டைத் தாண்டினால் அளக்க மிச்சமிருக்காது. டைனோசருக்கு வயது காண அதை யாரும் நம்புவதே இல்லை. எலும்பு கிடந்த அடுக்குக்கு மேலும் கீழும் உள்ள எரிமலைச் சாம்பலை யுரேனியம்-ஈயம், ஆர்கான் முறைகளில் அளக்கிறார்கள்.

செயின்ட் ஹெலன்ஸ் எரிமலை உதாரணமும் தவறாமல் வரும். 1986 வாக்கில் உறைந்த பாறைக்கு, பொட்டாசியம்-ஆர்கான் முறையில் அளந்த ஆய்வகம் 3.5 லட்சம் ஆண்டு என்று சொன்னதாம். பாறையில் உள்ள பொட்டாசியம்-40 சிதைந்துதான் ஆர்கான் உண்டாகிறது; அதன் அரை ஆயுள் 125 கோடி ஆண்டு. புதுப் பாறையில் அளக்கும்படி ஆர்கான் சேர்ந்திருக்காது. குழம்போடு வந்த பழைய படிகங்களில் இருந்த ஆர்கான்தான் கணக்கில் ஏறும். மணல் லாரி ஏற்றும் எடைமேடையில் ஒரு மிளகை வைத்துவிட்டு, எடைமேடை பொய் சொல்கிறது என்பது போன்ற வாதம். இந்தச் செய்தியைப் புத்தகம் மறைத்துவிடுகிறது. அதுதான் மோசடி.

—

மேலே சொன்னது பத்து வயதுக்கு மேல் சரி. ஐந்து வயதுப் பிள்ளைக்கு ஆர்கான் புரியாது. அந்த வயதுக்குப் படைப்புவாதிகள் சொல்லிக்கொடுப்பது ஒரே கேள்வி: "நீங்க அங்க இருந்தீங்களா?" ஆசிரியர் கோடி ஆண்டு என்றதும் இதைக் கேட்கும்படி, அமெரிக்காவில் இயங்கும் ஆஸ்திரேலியப் பிரசாரகர் கென் ஹாம் பல காலமாகப் பிள்ளைகளைப் பழக்குகிறார். கேள்வி கேட்கும் பழக்கத்தையே கேள்வியை அடைக்கப் பயன்படுத்துவது கொடுமை.

இதற்குக் கோபப்படாதீர்கள், புத்தகத்தையும் பிடுங்காதீர்கள். பிடுங்கினால் அதன்மேல் பிடிப்புதான் கூடும். வெட்டிய மரத்துண்டு ஒன்றைக் கொடுத்து வளையங்களை எண்ணச் சொல்லுங்கள். மரம் நட்ட அன்று நாம் அங்கே இல்லை, ஆனாலும் வயது தெரிந்துவிட்டது. பிறகு, பழைய மரங்களின் வளையங்களை ஒன்றோடொன்று பொருத்தி ஜெர்மனியில் 12,000 ஆண்டுக்கு மேல் எண்ணியிருக்கிறார்கள் என்று சொல்லுங்கள். 6,000 அங்கேயே அடிபட்டுவிடும். வறட்சி ஆண்டில் வளையம் ஒல்லியாக இருக்கும். அதையும் பிள்ளையே கண்டுபிடிக்கட்டும், நீங்கள் முந்திக்கொள்ள வேண்டாம்.