நல்லா இருந்தவங்களும் கொரோனாவுக்கு ஏன் அப்படிப் பயந்தோம்?

வேளச்சேரி_வாசு:
போகிக்காகப் பரணை ஒழித்துக்கொண்டிருந்தேன். பழைய மிக்ஸி ஜாருக்குள் ஒரு பல்ஸ் ஆக்சிமீட்டர் கிடந்தது, விரலில் மாட்டி ரத்தத்தில் ஆக்சிஜன் எத்தனை சதவீதம் என்று பார்க்கிற கருவி. 2021 மே மாதம் 2,300 ரூபாய் கொடுத்து வாங்கியது. பேட்டரி கசிந்து உள்ளே பச்சையாகப் பூத்துப்போயிருந்தது. அப்போது எனக்கு 29 வயது. சர்க்கரை இல்லை, பிரஷர் இல்லை, வாரத்தில் நாலு நாள் ஷட்டில் ஆடுவேன். ஆனாலும் ராத்திரி ரெண்டு மணிக்கு எழுந்து விரலை அதில் விட்டுக்கொண்டு, 97-ஆ 96-ஆ என்று பார்த்தபடி உட்கார்ந்திருப்பேன். என் வயதுக்கு ஆபத்து குறைவு என்று அப்போதே தெரியும். தெரிந்தும் ஏன் அவ்வளவு பயம்? நியாயமான பயமா, டிவி ஏற்றிவிட்ட பயமா? யாருக்காவது இப்படி இருந்ததா?

கணக்குப்பிள்ளை:
டிவிதான். இதில் என்ன சந்தேகம்? 2020 பிப்ரவரியில் சீன நோய்க் கட்டுப்பாட்டு மையம் 44,672 நோயாளிகளை வைத்து ஒரு கணக்கு வெளியிட்டது. அதில் 81 சதவீதம் பேருக்கு நோய் லேசு, 14 சதவீதம் பேருக்குக் கடுமை, 5 சதவீதம் பேருக்குத்தான் உயிருக்கே ஆபத்தான நிலை. இறந்தவர்களிலும் வயதானவர்கள்தான் அதிகம். நம்ம ஊருக்கு வாருங்கள். 2020 ஜூலையில் சென்னையில் ரத்தம் எடுத்துப் பார்த்ததில் 21.5 சதவீதம் பேருக்கு ஏற்கெனவே தொற்று வந்து போயிருந்தது. ஐந்தில் ஒருவர்! வந்ததே தெரியாமல் நடமாடியவர்கள்தான் அதில் மிகப் பலர். இன்னொன்று, 2019-இல் இந்தியச் சாலைகளில் செத்தவர்கள் 1,51,113 பேர். வாசு, நீங்கள் ஓ.எம்.ஆரில் பைக் ஓட்டுகிறவர்தானே? அதை நினைத்து எந்த ராத்திரியாவது ரெண்டு மணிக்கு எழுந்தீர்களா?

வேளச்சேரி_வாசு:
இல்லை சார். ஹெல்மெட் போடுவேன், பட்டிதான் மாட்டமாட்டேன்.

ஸ்வாப்_அக்கா:
கணக்குப்பிள்ளை சார், லாரி இடித்தால் நான் சாவேன். அதோடு முடிந்தது. செத்த கையோடு வீட்டுக்குப் போய் எங்கம்மாவையும் இடிக்கமாட்டேன்.

அந்த ரெண்டு வருஷமும் வடசென்னையில் காய்ச்சல் முகாம்களில் மூக்கில் குச்சி விட்டது நான்தான். வந்ததில் பாதிப் பேர் வாசு தம்பி மாதிரி திடமான ஆட்கள். "எனக்கு என்ன ஆகும்?" என்று கேட்டவர்கள் கம்மி. "அக்கா, வீட்டில் ஆயா இருக்கு, நான் உள்ளே போகலாமா?" என்பதுதான் அதிகம். பெயின்ட் அடிக்கிற பையன் ஒருத்தன், இருபத்தைந்து வயசு இருக்கும், ரிசல்ட் வரும்வரை மூணு ராத்திரி மாமாவின் ஷேர் ஆட்டோவிலேயே தூங்கினான். அவன் தங்கச்சி சோற்றுத் தூக்கை ஆட்டோ சீட்டில் வைத்துவிட்டு எதிர்ப்பக்கம் போய் நின்றுகொள்ளும். கடைசியில் நெகடிவ்தான் வந்தது. அந்தப் பையனுக்கு உங்கள் 81 சதவீதத்தைச் சொன்னால் என்ன செய்வான்?

2020 மே மாதம் கோயம்பேடு காய்கறிச் சந்தையில் தொற்று பரவியது ஞாபகம் இருக்கா? மூட்டை தூக்குகிற ஆட்கள், நம்மில் யாரையும் விடத் தெம்பானவர்கள். பலருக்கு ஒரு தும்மல்கூட இல்லை. லாரி ஏறி ஊருக்குப் போனார்கள், கடலூர், விழுப்புரம், அரியலூர் வரைக்கும் எண்ணிக்கை ஏறியது. அறிகுறி தெரிவதற்கு ஒன்றிரண்டு நாள் முன்னாடியே மற்றவருக்குத் தொற்றிவிடும் என்பதுதான் இந்த நோயின் பிரச்சினையே. வந்ததே தெரியாமல் நடமாடினார்கள் என்று ஆறுதலாகச் சொல்கிறீர்கள். எனக்கு அதைக் கேட்டால்தான் வயிற்றைக் கலக்குகிறது.

பழைய_பேப்பர்:
குறுக்கே ஒரு விஷயம். ஆபத்தை மனுஷன் எப்படி எடைபோடுகிறான் என்று பால் ஸ்லோவிக் என்கிற உளவியல் ஆய்வாளர் 1987-இல் சயின்ஸ் இதழில் எழுதினார். சாவு எண்ணிக்கையை வைத்து ஜனங்கள் பயப்படுவதில்லை. புதுசா, கண்ணுக்குத் தெரியாததா, நம் கையை மீறியதா, கொத்தாக ஆளைக் கொண்டுபோகுமா, இதையெல்லாம் வைத்துத்தான் பயம் ஏறுகிறது. பைக் ஹேண்டில் நம் கையில் இருப்பதாக நினைப்பு, அதனால் பயமில்லை. ஆட்டோவில் பக்கத்தில் இருமுகிறவன் நம் கையில் இல்லை.

அப்புறம், திடமான ஆள் பயப்படுவது மூடத்தனம் என்றும் சொல்லிவிட முடியாது. 1918-இல் உலகமெங்கும் பரவிய ஸ்பானிஷ் ஃப்ளூ காய்ச்சல் இருபதிலிருந்து நாற்பது வயதுக்காரர்களைத்தான் அள்ளிக்கொண்டு போனது. இந்தியாவில் மட்டும் ஒரு கோடிக்கு மேல் சாவு. புது வைரஸ் எந்த வயசைப் பிடிக்கும் என்று முதல் மாதத்தில் யாருக்குத் தெரியும்?

கணக்குப்பிள்ளை:
1918 வேறு, 2020 வேறு. முதல் மாதம் என்றால் ஒப்புக்கொள்கிறேன். வாசு ஆக்சிமீட்டர் வாங்கியது பதினைந்தாவது மாதம்.

அயனாவரம்_ஆள்:
நான் வைரஸுக்குப் பயப்படவில்லை. தகரத்துக்குப் பயந்தேன்.

எங்களது ஏழு போர்ஷன் வீடு, ஒரே கேட், குழாயடி பொது. 2020 ஜூனில் என் மனைவிக்கு பாசிட்டிவ். சாயங்காலம் ரிசல்ட் வந்தது, மறுநாள் காலை கேட்டில் தகரம் அடித்துவிட்டுப் போய்விட்டார்கள். ஆணி அடித்த சத்தத்துக்குத் தெருவே மாடியில் வந்து நின்றது. பால்காரர் பாக்கெட்டைத் தகரத்துக்கு மேலால் வீசுவார், ஒரு நாள் விட்டு ஒரு நாள் உடைந்துபோகும். ஹவுஸ் ஓனர் போன் பண்ணி "உடம்பு சரியானதும் வேறு இடம் பாருங்க" என்றார். அவளுக்கு ரெண்டு நாள் ஜுரம், அவ்வளவுதான். மாடிப் போர்ஷன் அக்கா எங்களோடு பேச எட்டு மாசம் ஆனது.

அந்த ஏப்ரலில்தான் கொரோனாவில் இறந்த ஒரு டாக்டரை இதே ஊரில் புதைக்க விடாமல் ஆம்புலன்ஸ்மேல் கல் எறிந்தார்கள். நடுராத்திரியில் கூட வேலை பார்த்த டாக்டரே மண் அள்ளிப் போட்டு மூடினார். ஒரு டாக்டருக்கே அந்தக் கதி என்றால் டெய்லர் எனக்கு என்ன ஆகும்? இதற்கெல்லாம் எந்தக் கணக்கில் சதவீதம் போட்டிருக்கிறார்கள்?

கணக்குப்பிள்ளை:
அண்ணே, நீங்கள் பேசுவது என் கட்சிக்குத்தான்.

அந்தத் தகரத்தை அடித்தது வைரஸா? பயம்தானே அடித்தது? தகரத்துக்குப் பயந்து எத்தனை பேர் காய்ச்சலை மறைத்தார்கள்? எங்கள் பெரியப்பா வில்லிவாக்கத்தில் நாலு நாள் பாராசிட்டமால் போட்டுக்கொண்டு "ஏசி ஒத்துக்கல" என்றே சொல்லிக்கொண்டிருந்தார். வாசலில் போஸ்டர் ஒட்டிவிட்டால் சம்பந்தி வீட்டில் என்ன நினைப்பார்களோ என்று. ஐந்தாம் நாள் மூச்சு வாங்கியது. அவர் பிழைத்துவிட்டார். பெரியம்மாதான் போய்விட்டார். அதனால்தான் பயம் நல்லது என்று யாராவது எழுதினால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

ஸ்வாப்_அக்கா:
தெரியாமல் பேசிவிட்டேன் சார், மன்னிக்கணும். மறைத்ததும் உண்மை. முகாமில் தப்பான போன் நம்பர் கொடுத்துவிட்டுப் போனவர்கள் உண்டு. ரிசல்ட்டைச் சொல்லக் கூப்பிட்டால் யாரோ ஒரு பிரியாணிக் கடைக்காரர் எடுப்பார்.

ஆனால் ரெண்டையும் ஒரே மூட்டையாகக் கட்டாதீர்கள். பெரியப்பா பயந்தது சம்பந்திக்கு. ஷேர் ஆட்டோவில் படுத்த பையன் பயந்தது ஆயாவுக்காக. முதல் பயம் நோயைப் பதுக்கியது, ரெண்டாவது தள்ளி நிற்க வைத்தது. பயமே கூடாது என்றால் அந்தப் பையன் முதல் ராத்திரியே வீட்டுக்குள் போய்ப் படுத்திருப்பான்.

கீழ்ப்பாக்கம்_வரிசை:
வாசு, 2021 மே என்கிறீர்களே, அந்த மாதத்தை இங்கே யாரும் சரியாகச் சொல்லவில்லை. சென்னையில் மட்டும் ஒரு நாளைக்கு 7,000-க்கு மேல் புதுத் தொற்று. அரசு ஆஸ்பத்திரி வாசலில் ஆம்புலன்ஸ்கள் வரிசை கட்டி நின்றன, நோயாளி உள்ளேயே ஆக்சிஜனோடு படுக்கைக்குக் காத்திருந்தார். ரெம்டெசிவிர் மருந்துக்குக் கீழ்ப்பாக்கத்தில் முதல் நாள் ராத்திரியே செருப்பைப் போட்டு இடம் பிடித்தோம். பிறகு நேரு ஸ்டேடியத்துக்கு மாற்றினார்கள். நான் நின்றது அண்ணனுக்காக, அவருக்கு 41 வயசு, மாரத்தான் ஓடுகிறவர். எனக்கு முன்னால் நின்ற அம்மாவுக்குப் பதினோரு மணிக்கு ஒரு போன் வந்தது. கேட்டார், கட் பண்ணினார், ஒன்றும் சொல்லாமல் வரிசையை விட்டுப் போய்விட்டார். பின்னால் இருந்தவர்கள் ஒரு அடி முன்னே நகர்ந்தோம். நானும்தான் நகர்ந்தேன்.

சதவீதம் என்பது பெட் கிடைத்தால் இவ்வளவு பேர் பிழைப்பார்கள் என்கிற கணக்கு. பெட் இல்லாத ஊரில் அந்த நம்பருக்கு என்ன மதிப்பு?

அண்ணன் வந்துவிட்டார். இப்போது மாரத்தான் இல்லை, நடை மட்டும்.

வேளச்சேரி_வாசு:
இதைப் படித்ததும் ஒன்று பிடிபட்டது. 94-க்குக் கீழே போனால் ஆஸ்பத்திரிக்குப் போ என்றார்கள் இல்லையா. எந்த ஆஸ்பத்திரி? அதைத்தான் ராத்திரி ரெண்டு மணிக்கு யோசித்துக்கொண்டிருந்திருக்கிறேன். போனில் ஏழு ஆம்புலன்ஸ் நம்பர் சேமித்து வைத்திருந்தேன். அப்பா, அம்மா பக்கத்து அறையில். நான் படுத்துவிட்டால் அவர்களுக்காக வரிசையில் நிற்க வேறு ஆள் கிடையாது, அக்கா துபாயில்.

பழைய_பேப்பர்:
வாசு, அந்தக் கருவியைப் போகியில் போட்டுக் கொளுத்திவிடாதீர்கள். பேட்டரி வெடிக்கும்.

கணக்குப்பிள்ளை:
சரி, பெட் இல்லாததற்குப் பயந்தது நியாயம். ஆனால் அதற்குக் கேட்டிருக்க வேண்டியது பெட். நாம் என்ன செய்தோம்? கத்திரிக்காயை மஞ்சள் தண்ணீரில் கழுவினோம், நியூஸ் பேப்பரை அயர்ன் பண்ணினோம், மாடிப் போர்ஷன்காரரோடு பேச்சை நிறுத்தினோம். பயத்தில் பாதி போன இடம் இதுதான். இதில் நான் மாறமாட்டேன்.

ஸ்வாப்_அக்கா:
மாறவேண்டாம் சார். ஒன்றே ஒன்று கேட்கிறேன், மழுப்பாமல் சொல்லணும். 2021 மே மாதம் நீங்கள் மாஸ்க் போட்டீர்களா, இல்லையா?

கணக்குப்பிள்ளை:
போட்டேன். ரெண்டு. ஒன்றின்மேல் ஒன்று.