நார்அட்ரினலின் ஏற்றினால் இதயத் துடிப்பு ஏன் குறைகிறது?

வணக்கம். பி.பார்ம் படிக்கிறேன். அட்ரினலின் பாடத்தில் ஒரு இடத்தில் சிக்கி நிற்கிறேன், உதவுங்கள்.

1948-இல் ஆல்குவிஸ்ட் பிரித்துச் சொன்ன ஆல்பா, பீட்டா ஏற்பிகள் (செல்களில் இந்த மருந்துகள் ஒட்டிக்கொண்டு வேலை செய்யும் இடங்கள்) புரிகின்றன. ஆல்பா 1 ரத்தக் குழாயைச் சுருக்கும், பீட்டா 1 இதயத்தை முடுக்கும், பீட்டா 2 மூச்சுக்குழாயைத் தளர்த்தும். ஆஸ்துமா மருந்தான சால்பியூட்டமாலை இழுத்தால் கை நடுங்குவதும் தசையில் உள்ள பீட்டா 2-ஆல்தான். இதுவரை சரி.

ஆனால் அட்ரினலினுக்கு நெருங்கிய உறவான நார்அட்ரினலினும் பீட்டா 1-ஐத் தூண்டுகிறதே! பிறகு ஏன் துடிப்பு குறைகிறது? அட்ரினலின் ஏற்றினால் துடிப்பு அதிகரிக்கத்தானே செய்கிறது?

என் கணிப்பு இது: நார்அட்ரினலினுக்கு பீட்டா 2-இல் வேலை மிகக் குறைவு. அதனால் தசைகளுக்குப் போகும் குழாய்கள் விரிவதில்லை, ரத்த அழுத்தம் எகிறுகிறது. கழுத்துத் தமனியில் உள்ள அழுத்த உணரிகள் அதை மூளைக்குத் தெரிவிக்க, வேகஸ் நரம்பு பிரேக் போடுகிறது. வேகஸின் பிரேக்கைத் தடுக்கும் அட்ரோப்பினை முன்பே கொடுத்திருந்தால் துடிப்பு கூடும் என்பதும் இதோடு ஒத்துப்போகிறது. சரிதானா?

அப்படியானால், கடும் கிருமித்தொற்றால் அழுத்தம் ஏற்கெனவே விழுந்து கிடக்கும் செப்டிக் ஷாக் நோயாளிக்கு இதே மருந்தை ஏற்றும்போது துடிப்பு என்ன ஆகும்? ஐ.சி.யு.வில் வேலை பார்க்கும் அண்ணன், அக்கா யாராவது மானிட்டரில் பார்ப்பதைச் சொல்லுங்களேன். டோபமைனைத் தனியாகக் கேட்கிறேன், அது இதைவிடப் பெரிய குழப்பம்.